விதைப்பை ஸ்கேன்: மூன்று நாள் மறைத்த வலியும் ஓர் இரவும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இடது விதையில் மந்தமாக ஒரு வலி ஆரம்பித்தது. அதிக நேரம் வண்டி ஓட்டியதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை சரியாக உட்கார முடியவில்லை, சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது, மதியத்துக்கு மேல் காய்ச்சலும் வந்தது. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு, தளர்வான பேன்ட் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். எனக்கு அப்போது வயது 31, கல்யாணமாகி நான்கு வருடம். கட்டிய மனைவியிடமே சொல்லக் கூசினேன். புதன்கிழமை காலை நான் காலை அகட்டி அகட்டி நடப்பதைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: "என்னங்க, கீழே எங்கேயாவது வலிக்குதா?" ஆமாம் என்றேன். அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தோம்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த மூன்று நாள். கை வலித்தால் உடனே சொல்கிறோம், பல் வலித்தால் ஊருக்கே சொல்கிறோம், இந்த இடத்தில் வலித்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். அப்படி மூடிக்கொண்டதில் எனக்குக் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை என்பது என் நல்ல நேரம். என் வலிக்குக் காரணம் வேறு ஒன்றாக இருந்திருந்தால் அந்த மூன்று நாளில் ஒரு விதை செத்துப்போயிருக்கும்.

மருத்துவர் தொட்டுப் பார்த்தார். இரண்டே நிமிடம். தொற்று மாதிரிதான் தெரிகிறது, இருந்தாலும் இரத்த ஓட்டத்தையும் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடலாம், இப்போதே போங்கள் என்றார். அவருக்கு இருந்த சந்தேகம் விதை முறுக்கு. விதை ஒரு கயிறு போன்ற தண்டில் தொங்குகிறது, அதற்குள்தான் இரத்தக் குழாய்கள் போய் வருகின்றன. அந்தத் தண்டு முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். முறுக்கு பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் வருவது, அதுவும் திடீரென்று உயிர் போகிற மாதிரி வலிக்கும். எனக்கோ வயது 31, வலியும் மெல்ல மெல்லத்தான் ஏறியது. ஆனாலும் வயதை மட்டும் வைத்து அதை ஒதுக்கிவிட முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

ஸ்கேன் அறையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அங்கே என்ன நடக்கும் என்று தெரியாத பயத்திலேயே போகாமல் இருக்கிறார்கள். இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. வயிற்று ஸ்கேனுக்குச் சொல்வதுபோல் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்க வேண்டாம். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது, வெறும் ஒலி அலைகள்தான். மல்லாந்து படுக்கச் சொல்லி ஒரு போர்வை கொடுத்தார்கள். ஆணுறுப்பை மேலே வயிற்றோடு சேர்த்து ஒரு துணியால் மூடிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், விதைப்பைக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அதன் மேல் பை அமர்கிற மாதிரி செய்தார்கள். ஆக, ஸ்கேன் செய்பவர் கண்ணுக்குத் தெரிவது விதைப்பை மட்டும்தான். பிறகு ஜெல். சில்லென்று இருக்கும், அந்தச் சில்லிப்பில் பை சுருங்கிக்கொள்ளும், அது இயல்பு. சில இடங்களில் ஜெல்லைச் சூடாக்கி வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இருந்த பெரிய பயம், வலிக்கிற இடத்தில் கருவியை வைத்து அழுத்துவார்களோ என்பது. அழுத்தவில்லை. விதை தோலுக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது, ஆழத்துக்குப் போக வேண்டியதே இல்லை. அதனால் நொடிக்கு ஒரு கோடி முறை, சில சமயம் அதற்கும் மேல் அதிரும் மிக நுண்ணிய ஒலியைப் பயன்படுத்துகிறார்கள். இந்த ஒலி உடம்புக்குள் ஆழமாகப் போகாது, ஆனால் பக்கத்தில் இருப்பதை மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாகக் காட்டும். கருவி தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான். வலி தாங்க முடியாத இடத்தில் "கொஞ்சம் மெதுவா" என்றேன், மெதுவாகச் செய்தார்.

ஸ்கேன் எடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். உள்ளே நுழைந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆண் மருத்துவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பு இல்லை, இருந்தால் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் திடீர் வலியோடு போகிற நாளில் அதற்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். அவர் கண் முழுக்கத் திரையில்தான் இருந்தது. இடையில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "எந்த இடத்தில் அதிகமாக வலிக்கிறது, ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்." இது முக்கியம். கட்டி மாதிரி ஏதாவது கையில் தட்டுப்பட்டுப் போகிறீர்கள் என்றால், அந்த இடத்தை நீங்களே விரல் வைத்துக் காட்டுங்கள். கடுகளவு விஷயத்தைக்கூட அந்தக் கருவி காட்டும், ஆனால் நீங்கள் தடவிப் பயந்த இடம் எது என்று அதற்குத் தெரியாது.

முதலில் வலிக்காத வலது பக்கத்தைப் பார்த்தார். வலி இடது பக்கம் என்று அவசரமாகத் திருத்தினேன். தெரியும், நல்ல பக்கத்தை வைத்துத்தான் மெஷினைச் சரிசெய்துகொள்வேன், ஒவ்வொருவருக்கும் அவரவருடைய இன்னொரு பக்கம்தான் அளவுகோல் என்றார். இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆரோக்கியமான விதை திரையில் ஒரே சீரான சாம்பல் நிறத்தில், மாவை வழித்து வைத்தது போலத் தெரியும். நீளம் சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர். அதன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்து பின்பக்கமாக இறங்குவது எபிடிடிமிஸ், விந்தணுக்கள் முதிர்கிற சுருள் குழாய். இது எல்லா ஆண்களுக்கும் உண்டு. முதல் தடவை சுயமாகத் தடவிப் பார்க்கிறவர்கள் இதைத் தொட்டுவிட்டுத்தான் கட்டி என்று அலறுகிறார்கள்.

அப்புறம் டாப்ளரை ஆன் செய்தார். திரையில் சிவப்பும் நீலமும் மின்னின. இடது பக்கம் வந்ததும் எபிடிடிமிஸ் முழுக்கத் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சிவப்பு என்றால் இரத்தக்கசிவு என்று நானே முடிவுகட்டி நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். சிவப்பு, நீலம் எல்லாம் இரத்தம் கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைக் குறிக்க மெஷின் பூசும் சாயம். கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் 1842-ல் விண்மீன்களின் நிறத்தை விளக்கப் போய்ச் சொன்ன கருத்து இது. நெருங்கி வருவதன் அலை நெருக்கமாகும், விலகிப் போவதன் அலை விரியும். விண்மீனுக்கு யோசித்தது என் இரத்த ஓட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் பயம் பாதி இறங்கிவிட்டது. தொற்று என்றால் அந்த இடத்துக்கு இரத்தம் பாய்ந்து ஓடும், நிறம் கூடும். முறுக்கு என்றால் நிறம் குறையும், அல்லது அறவே இருக்காது. எனக்கு நிறம் கூடியிருந்தது. தொற்றேதான்.

இந்த வயதில் பால்வினைத் தொற்றாகவும் இருக்கலாம், சிறுநீர்ப் பாதையிலிருந்து ஏறிய கிருமியாகவும் இருக்கலாம் என்று இரண்டுக்கும் சோதித்தார்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போதே அந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். பால்வினைத் தொற்றாக இருந்தால் இருவருக்கும் மருந்து கொடுக்காமல் அது தீராது. எனக்குச் சிறுநீர்க் கிருமி. ஆன்டிபயாட்டிக், ஓய்வு, விதைப்பையைத் தாங்கிப் பிடிக்கிற இறுக்கமான உள்ளாடை. மூன்று நாளில் காய்ச்சல் போனது. வீக்கம் வடிய ஐந்து வாரம் ஆனது. மாத்திரை முடிந்தும் வீங்கியிருக்கிறதே என்று பயந்தேன், ஆனால் அந்த வீக்கம் மெதுவாகத்தான் வடியும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார் மருத்துவர். வலி போனதும் போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மனைவி விடவில்லை. ஏன் மறுபடி பார்க்க வேண்டும் என்று போன பிறகுதான் புரிந்தது: தொற்று இருக்கும்போது எல்லாம் வீங்கிக் கலங்கிக் கிடக்கும், அதற்குப் பின்னால் ஒரு கட்டி ஒளிந்திருந்தாலும் தெரியாது. சில சமயம் கட்டியே தொற்று மாதிரி வேஷம் போடும். வீக்கம் வடிந்த பிறகு எடுக்கிற படம்தான் தெளிவான படம். தொற்று என்று மருந்து சாப்பிட்டும் ஒரு பக்கம் கெட்டியாகவே இருக்கிறது என்றால் அந்த இரண்டாவது ஸ்கேனை ஒருநாளும் தவிர்க்காதீர்கள்.

இரண்டாவது தடவை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், மருத்துவரைப் பார்ப்பது மறுநாள். அந்த இரவு நான் செய்தது பெரிய தப்பு. ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருந்தது. இடது எபிடிடிமிஸ் தலையில் 6 மி.மீ. சிஸ்ட். வலது விதையில் சில மைக்ரோலித், அதாவது பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள். இடது பக்கம் லேசான வேரிகோசீல். ஒவ்வொரு சொல்லையும் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். விடிகிறவரை தூங்கவில்லை. பக்கத்தில் தூங்குகிறவளை எழுப்பிச் சொல்லவும் இல்லை, பழைய புத்தி.

மறுநாள் மருத்துவர் ரிப்போர்ட்டைப் படித்த விதமே வேறு. ஒரே கேள்வியை வைத்துப் படித்தார்: இருப்பது விதைக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே, அதாவது எபிடிடிமிஸிலோ தண்டிலோ சுற்றியுள்ள பையிலோ இருப்பவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. என் சிஸ்ட் வெளியே இருந்தது, திரையில் கருப்பாகத் தெரிகிற, தெளிந்த நீர் நிரம்பிய குமிழி, தொந்தரவு தராதவரை தொடவே வேண்டாம். பெரியவர்கள் ஓதம் என்று சொல்கிற ஹைட்ரோசீலும் விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதுதான். ஆனால் இளைஞர் ஒருவருக்குப் புதிதாக நீர் கோத்தால் கட்டாயம் ஸ்கேன் எடுக்க வேண்டும், நீருக்கு நடுவே இருக்கிற விதையைக் கையால் தடவிப் பார்க்க முடியாது என்பதால். உள்ளே, கெட்டியாக, தனக்கென்று இரத்த ஓட்டத்தோடு ஒன்று இருந்தால் அதைப் புற்று என்றே எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள், இல்லை என்று நிரூபணமாகிறவரை.

மைக்ரோலித் விஷயம்தான் என்னைத் தூங்கவிடாதது. திரையில் ஒரே காட்சிக்குள் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அதை மைக்ரோலித்தியாசிஸ் என்று பெயர் வைத்து அழைக்கிறார்கள். எனக்கு மூன்று. ஐந்துக்கு மேலேயே இருந்தாலும் அது மட்டும் நோய் ஆகிவிடாது. சிறு வயதில் விதை இறங்காமல் இருந்தவர்கள், முன்பே ஒரு பக்கம் புற்று வந்தவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்தவர்கள், விதை சுருங்கிப்போனவர்கள், இவர்களுக்குத்தான் வருடாவருடம் ஸ்கேன் தேவைப்படலாம். "சின்ன வயதில் விதை இறங்காமல் ஆபரேஷன் செய்தார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன், இல்லை என்றார். இதை உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேரிகோசீல் என்பது தண்டில் இருக்கிற சிரைகள் புடைத்துக்கொள்வது, கால் நரம்பு சுருட்டிக்கொள்கிற மாதிரி. நூறு ஆண்களில் சுமார் பதினைந்து பேருக்கு இருக்கிறது. இடது பக்கம்தான் அதிகம், அந்தப் பக்கத்துச் சிரை நேராகச் சிறுநீரகச் சிரையில் போய்ச் செங்குத்தாக முட்டுகிறது, அதனால் இரத்தம் எளிதில் பின்வாங்கும். இரண்டாவது தடவை என்னை எழுந்து நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அப்போதுதான் சிரை விரிந்து நிறம் மாறியது. குழந்தை தள்ளிப்போகிறது என்று இதற்காகவே ஸ்கேனுக்குப் போகிறவர்கள், நிற்கவைத்தும் பார்த்தார்களா என்று கேளுங்கள், படுக்கவைத்து மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாமல் போய்விடலாம். வலது பக்கம் மட்டும் வந்தாலோ, படுத்தாலும் வடியாமல் இருந்தாலோ, வயிற்றையும் சேர்த்து ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். மேலே எங்காவது ஏதாவது சிரையை அழுத்துகிறதா என்று தெரிய வேண்டும்.

என் நண்பர் ஒருவருக்கு விதைக்கு உள்ளேயே கட்டி இருந்தது. வலியே இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தது என்றார், குளிக்கும்போது கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. ஸ்கேனில் தெரிந்த அன்றே ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று மூன்று இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கமாட்டார்களா என்று கேட்டேன். இந்தப் புற்றில் விதைப்பை வழியாக ஊசி போடமாட்டார்களாம், செல்கள் பரவ வழி செய்துவிடும், அதனால் தொடை இடுக்கு வழியாகத் திறந்து விதையை முழுசாக எடுத்துத்தான் பரிசோதிக்கிறார்கள். சிகிச்சைக்கு முன்னாலேயே விந்தணுவைச் சேமித்து வைத்துக்கொண்டார். இதை யாராவது சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். 15 முதல் 35 வயதுக்குள் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்று இது, நன்றாகக் குணமாகிறவற்றிலும் இது முன்வரிசையில் இருக்கிறது. இன்று அவர் நலம்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் அதிகாலை 3 மணிக்கு அக்கா போன் செய்தார். அவர் மகனுக்கு 14 வயது. "தம்பி, இவனுக்கு வயித்து வலி, ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான், ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை போல, என்ன மாத்திரை கொடுக்கலாம்?" என்றார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. போனை அவனிடம் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போகச் சொன்னேன். "டேய், மாமாதான் கேக்குறேன், விதையில வலிக்குதா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அழுகையோடு, "ஆமா மாமா. ஒரு மணிக்கு முழிப்பு வந்ததுலேர்ந்து வலிக்குது. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது. பையன்கள் விதை வலியை வயிற்று வலி என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் நிஜமாகவே அந்த வலி வயிற்றுக்கு ஏறுவதாலும், கூடவே வாந்தி வருவதாலும். வளரும் பையன் திடீரென்று அடிவயிறு வலிக்கிறது என்றால் கீழேயும் பார்க்க வேண்டும், அதை அவனிடம் தனியாகக் கேட்க ஓர் ஆள் வேண்டும். முறுக்கு விழுந்து 6 மணி நேரத்துக்குள் அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் விதை பிழைத்துவிடும். 12 மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறையும், 24 மணி நேரத்துக்குப் பிறகு பிழைப்பது அரிது. அவனுக்கு இரண்டு மணி நேரம் ஏற்கெனவே போயிருந்தது.

3:40-க்கு மருத்துவமனை. இரவுப் பணியில் இருந்த மருத்துவர் இளையவர், ஸ்கேன் எடுப்பவர் காலை 8 மணிக்குத்தான் வருவார், அதுவரை வலிக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். நான் குரலை உயர்த்தவில்லை, ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. "டாக்டர், ஒரு மணிக்கு ஆரம்பிச்ச வலி. முறுக்கா இருக்குமோன்னு பயமா இருக்கு. ஸ்கேன் வர்ற வரைக்கும் வேண்டாம், சர்ஜனை இப்பவே கூப்பிடுங்க." திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். ஸ்கேனைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: அறிகுறி பலமாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. முறுக்கு பாதியாக இருந்தாலோ, விட்டு விட்டு முறுக்கி அவிழ்ந்தாலோ, டாப்ளரில் இரத்த ஓட்டம் ஒழுங்காகவே தெரியலாம். பக்கத்திலேயே மெஷின் இருந்து உடனே பார்க்க முடிந்தால் பார்க்கட்டும், தண்டே முறுக்கிச் சுழிபோல் தெரிவதும் உண்டு. மணிக்கணக்கில் தள்ளிப்போகும் என்றால் திறந்து பார்ப்பதுதான் பரிசோதனை.

சர்ஜன் வந்தார். அந்தப் பக்கத்து விதை மேலே ஏறி, குறுக்காகப் படுத்துக்கிடந்தது. தொடையின் உள்பக்கம் விரலால் லேசாகக் கோடு இழுத்தார். சாதாரணமாக அப்படிச் செய்தால் அந்தப் பக்கத்து விதை சட்டென்று மேலே இழுத்துக்கொள்ளும். அசையவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு நேராக ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள், 5 மணி ஆகவில்லை. ஒன்றரைச் சுற்று முறுக்கியிருந்ததாம். அவிழ்த்ததும் கருநீலமாக இருந்ததை வெதுவெதுப்பான ஈரத் துணியில் சுற்றிவைத்துக் காத்திருந்தோம், மெல்ல நிறம் திரும்பியது என்றார். இனி முறுக்காதபடி தையல் போட்டு நிறுத்திவிட்டார்கள், மற்ற பக்கத்தையும் சேர்த்து. பிறவியிலேயே மணியின் நாக்கு மாதிரி விதை தளர்ந்து தொங்குகிற அமைப்பு சிலருக்கு உண்டு, அது ஒரு பக்கம் இருந்தால் இன்னொரு பக்கமும் இருக்கக்கூடும் என்பதால். அக்காவிடம் முன்பே யாராவது இதை விளக்கியிருக்கலாம், நல்ல பக்கத்தில் ஏன் கத்தி வைத்தார்கள் என்று அவர் பதறிப்போனார்.

பிழைத்த விதையும் சில மாதம் கழித்துச் சுருங்கலாம். அதனால் ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். துண்டை எப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும், ஜெல் எப்படிச் சில்லென்று இருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். உள்ளே போனதும் அவன் திரை தெரிகிற மாதிரி தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு, இது என்ன, அது என்ன என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். இரண்டு பக்கமும் நிறம் இருந்தது. அளவில் வித்தியாசம் 1 மி.மீ. வெளியே வந்ததும் போனை வாங்கி அவனே அக்காவுக்குச் சொன்னான்: "ரெண்டு பக்கமும் ரத்தம் நல்லா ஓடுதும்மா."